சகலை எடுத்த கல்முனை

லென்ஸ்காரர் என்று அவரைக் கூப்பிட இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, பிழைப்பு. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பின்னறையில் அவரே லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, வந்தவர் காதில் மாட்டிவிட்டு, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்பார். இன்னொன்று, பைத்தியம். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன உருப்பெருக்கி இருக்கும். யாராவது ஒரு கல்லை நீட்டிவிட்டால் போதும், அதைக் கண்ணில் ஒட்டிவைத்துக்கொண்டு உலகத்தையே மறந்துவிடுவார்.

ஊரை ஒட்டி ஆறு. ஆற்றின் இரு பக்கமும் வயல். உழுதுபோட்ட மண்ணில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், என்றோ வேட்டையாடித் திரிந்தவர்கள் செதுக்கிய கல்முனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழுவிய முகத்தோடு மேலே வந்து கிடக்கும். அதைத் தேடிப் பொறுக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு கூட்டமே ஊரில் இருந்தது. லாரி ஓட்டுபவர், மருத்துவமனை நர்ஸ், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று பலதரப்பட்ட ஆட்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியறையில் கூடுவார்கள். பஞ்சு விரித்த டப்பாக்களில் அவரவர் எடுத்ததை மேஜைமேல் வைப்பார்கள். அப்புறம் எல்லாத் தலையும் லென்ஸ்காரர் பக்கம் திரும்பும்.

"இது அம்பு முனை இல்லைம்மா, ஈட்டி முனை. அம்புக்கு இவ்வளவு கனம் தாங்காது." "இது முனையே இல்லை, ஏர்க்கொழு பட்டுத் தெறிச்ச சில்லு." "இது பழசு. மேல பாருங்க, பளபளப்பு போயி தோல் மாதிரி ஒரு மங்கல் படிஞ்சிருக்கு. இன்னைக்கு உடைச்ச கல்லு இப்படி இருக்காது." அவர் சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது. கடையில் ஆயிரம் பேருக்குக் கண் தெரிய வைத்ததைவிட, அந்த மாடியறையில் பத்துப் பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு ருசித்தது.

ஆனால் அவருக்கு ஒரு குறை. வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறைய கல்முனைகள் வைத்திருந்தார். முக்கால்வாசி மூளி. நுனி போனது, அடி போனது, அடியில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காது உடைந்தது. 'வாய்க்கால் போட்டது' என்று கூட்டத்தில் சொல்வார்களே, அது ஒன்றுகூட இல்லை. ஈட்டிக் கழியில் சொருகுவதற்குத் தோதாக, கல்லின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே ஒரு நீளச் சில்லை உரித்தெடுத்திருப்பார்கள். அந்தப் பள்ளம்தான் வாய்க்கால். உள்ளதிலேயே மிகப் பழையவர்கள் செய்த வேலை. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறார். கையில் தொட்டதில்லை. அந்த வட்டாரத்தில் எவரும் தொட்டதில்லை. கிடைத்தால் தனக்குத்தான் கிடைக்க வேண்டும், அதுதான் நியாயம் என்று அவர் மனசுக்குள் எழுதியே வைத்திருந்தார்.

இந்த இடத்தில் சகலை வருகிறார்.

லென்ஸ்காரரின் மனைவிக்கு ஒரே தங்கை. தங்கைக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. அதுவரை மாமனார் வீட்டுக்கு லென்ஸ்காரர்தான் ஒரே மாப்பிள்ளை. அவர் வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அப்புறம் வந்து சேர்ந்தார் இந்த டைல்ஸ்காரர். வீடு வீடாகப் போய்த் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கிறவர். ஓங்குதாங்கான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வந்த வேகத்தில் மாமியார் வீட்டுக் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதுசாகப் பதித்துக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து மாமியார் வாயில் வேறு பேச்சே இல்லை. 'சின்ன மாப்பிள்ளை கை பட்டா எதுவும் அழகாயிடும்.' லென்ஸ்காரர் அந்த அம்மாளுக்குப் போட்டுக்கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் அந்த அம்மாள் அந்தத் தரையைப் பார்த்து மகிழ்ந்தார். அதை யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மச்சினி வந்து ஆரம்பித்தாள். "அத்தான், ஞாயித்துக்கிழமையானா இவர் சோபாவைத் தேய்ச்சுக்கிட்டே கிடக்காரு. உங்களோட கல்லு பொறுக்கக் கூட்டிட்டுப் போங்களேன். கொஞ்சம் நடந்த மாதிரியாவது இருக்கும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டிப் போனார். முந்தின நாள் நல்ல மழை. ஆற்றோரமாக இருந்த நல்ல பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, சாலையை ஒட்டியிருந்த பக்கத்தைச் சகலைக்குக் காட்டினார். அதில் விடியும்போதே அவர் வந்து ஒரு நடை பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் காட்டினார்.

"குனிஞ்சே நடங்க. பளிச்னு இருந்தா பாட்டில் ஓடு, விட்டுடுங்க. மங்கலா, ஓரம் பல்லு பல்லா இருந்தா எடுங்க."

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அண்ணே! அண்ணே! இங்க வாங்க!" என்று ஒரு சத்தம். பாட்டில் ஓடாகத்தான் இருக்கும் என்று லென்ஸ்காரர் மெதுவாகத்தான் போனார்.

சகலையின் கையகலத்துக்கு ஒரு கல்முனை. தேன் நிறம். நுனியிலிருந்து அடிவரை ஒரு கீறல் சேதமில்லை. அடியில், இரண்டு பக்கமும், வாய்க்கால்.

லென்ஸ்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே கிடந்தது என்று சைகையில்தான் கேட்டார். சகலை காட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. காலையில் அவர் நடந்த தடம்.

"நல்லதாண்ணே?"

"பார்க்கணும்," என்றார். "கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. அங்க நிதானமாப் பார்ப்போம்."

நடுவில் இருந்த ஒரு வாரமும் அவர் அவராக இல்லை. கடையில் இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்து ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் வெயிலிலும் சேற்றிலும் முதுகு ஒடிய நடந்தது யார்? சோபாவிலிருந்து எழுந்து வந்தவனுக்குப் போய்க் காட்டுகிறதே இந்த மண்! மாமியாருக்கு இது தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

கூட்டத்து நாளில் சகலை, டைல்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் பிரித்து வைத்தார். எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "யப்பா!" என்றார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வாய்க்கால் போட்டது மாதிரி இருக்கே. எதுக்கும் லென்ஸ்காரர் சொல்லட்டும்."

லென்ஸ்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். பழசு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. செதுக்கிய வரப்புகளெல்லாம் காலத்தில் மழுங்கி, பள்ளங்களுக்குள் மண்ணின் நிறம் ஊறிப்போய் இருந்தது. கழியோடு சேர்த்துக் கட்டும் கயிற்றை அறுத்துவிடாமல் இருக்க அடியோரத்தைத் தேய்த்து மொழுக்கையாக்கியிருந்தார்கள். ஓரம் தேய்ப்பதே தொழிலாக இருந்த அவருக்கு அதைச் செய்தவனின் பொறுமை விரலிலேயே தெரிந்தது. தலைநிமிர்ந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கல்லைப் பார்த்தார்கள். அப்புறம் சகலையைப் பார்த்தார்கள். நர்ஸ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு," என்று லென்ஸ்காரர் வாயிலிருந்து வந்தது.

"என்னது?"

"இந்தக் காலத்துல யாரோ செஞ்சது. செம்புக் கம்பியால அழுத்திச் செதுக்கியிருக்காங்க, தடம் தெரியுது. இப்படிச் செஞ்சு பழகுறவங்க இருக்காங்க. விளையாட்டுக்கு வயல்ல வீசிட்டுப் போயிருப்பாங்க."

அறை முழுக்க ஒரு 'ச்சே' பரவியது. உருப்பெருக்கியை வாங்கித் தானும் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பார்த்தாயிற்றே!

சகலைக்கு முகம் சுண்டிப்போகும் என்று லென்ஸ்காரர் காத்திருந்தார். அந்த ஆளோ வழக்கம்போலச் சிரித்தார். "அட, நான்தான் ஏமாந்தேனா! ஆனா என்ன வேலைண்ணே இது! எவன் கையோ, பொன் கை." வீட்டுக்குப் போகும்போது படிக்கட்டில் அதை லென்ஸ்காரர் கையிலேயே திணித்துவிட்டார். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. புதுசா வர்றவங்களுக்குப் போலி எப்படி இருக்கும்னு காட்ட ஆகும்."

இப்படியாக, வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது அவர் கைக்கே வந்து சேர்ந்தது. அலமாரியில் வைக்க வழியில்லை. கடைப் பின்னறையில், உடைந்த ஃபிரேம்கள் போடும் இழுப்பறைக்குள், அடியில் வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தியதும் எடுத்துப் பார்ப்பார். முதல் சில நாள் இனித்தது. அப்புறம் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செருப்புத் தடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சகலைக்கு வேறொரு கிறுக்குப் பிடித்தது. இந்தக் காலத்து ஆள் ஒருவன் இப்படிச் செய்ய முடியுமென்றால் தானும் ஏன் செய்யக் கூடாது? வேலை செய்யும் வீடுகளிலிருந்து உடைந்த வாஷ்பேசின், கழிப்பறைப் பீங்கான், தடித்த கண்ணாடி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். செம்புக் கம்பி, உருண்டைக் கல், தொடைமேல் ஒரு பழைய தோல்.

"அத்தான், வீட்ல ஒரு பாட்டில் மிச்சமில்லை," என்று மச்சினி வந்து புலம்பினாள். "பத்து விரல்லயும் பிளாஸ்திரி. கேட்டா, அந்தப் போலிக்காரனை எட்டிப் புடிக்கிறேன்கிறாரு."

கை ஏற்கெனவே உடைக்கவும் வெட்டவும் பழகிய கை. பீங்கானில் முனை வந்தது, அப்புறம் கண்ணாடியில், அப்புறம் ஆற்றங்கரையிலேயே கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லில். கூட்டத்தில் ஒருநாள் செய்துகாட்டச் சொன்னார்கள். மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார் சகலை. 'டிக், டிக்' என்று சில்லுகள் உதிர, அவரைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்தார்கள். தலைமையாசிரியைகூட முழங்கால் வலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதோ, இப்படி உடைஞ்சா செய்யும்போது உடைஞ்சதுன்னு அர்த்தம்," என்று சகலை ஒரு துண்டைக் காட்டினார். "நுனி இப்படி நசுங்கியிருந்தா எது மேலயோ பாய்ஞ்சு உடைஞ்சது. லாரி அண்ணன் போன மாசம் கொண்டாந்தாரே, அது பாய்ஞ்சது."

"அப்படியா! மாட்டு மேலயா, மான் மேலயா?" லாரிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

லென்ஸ்காரர் மேஜையருகில் தனியாக நின்றார். டப்பாக்கள் திறந்தபடி கிடந்தன. ஒருவரும் 'இது என்ன' என்று கேட்க வரவில்லை. அவரே ஒவ்வொன்றாக மூடி வைத்தார். தான் சொன்ன ஒரு பொய்தான் அந்த ஆளை அந்தச் சாக்கில் உட்காரவைத்தது என்று நினைக்க நினைக்க, எரிச்சல் இரட்டிப்பானது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் சிரத்தையாகச் செய்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் சகலை அவரிடம்தான் வந்தார். "அண்ணே, எல்லாம் வருது, வாய்க்கால் மட்டும் வரமாட்டேங்குது. கடைசித் தட்டுல ரெண்டாப் போயிடுது. அவன் ரெண்டு பக்கமும் எடுத்திருக்கான் பாருங்க! உங்களுக்குப் பல ஊர்ல பழக்கம் இருக்கே, அந்த ஆள் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே. போய்க் கால்ல விழுந்து கத்துக்கறேன்."

"விசாரிக்கிறேன்," என்றார் லென்ஸ்காரர். மண்ணோடு மண்ணாகிப் போனவனை எங்கே போய் விசாரிப்பது?

சகலை விடவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம், "ஏதாவது தெரிஞ்சுதாண்ணே?" தானே பக்கத்து ஊர்களுக்குப் பேருந்து ஏறிப் போய், கல் செதுக்குபவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் ஒரு நாள் காலையில் கடைக்கே வந்துவிட்டார். ஒரு பெரியவர் படிக்கும் கண்ணாடி வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பையிலிருந்து ஒரு முனையை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். சிக்கிமுக்கிக் கல்லில் செய்தது. ஒரு பக்கம் மட்டும், கோணலாக, ஒரு வாய்க்கால்.

"வந்துடுச்சுண்ணே! ஒரு பக்கம் வந்துடுச்சு! அதை எடுங்க, பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்."

இழுப்பறையைத் திறக்காமல் இருக்க லென்ஸ்காரருக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை. எடுத்து வைத்தார். இரண்டும் கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. புதுசு ஈரம் போல மின்னியது. ஓரம் கையைக் கிழிக்கக் காத்திருந்தது. பழசு சும்மா கிடந்தது. பார்வை இருக்கிற எவனுக்கும் தெரியும்.

சகலையின் சிரிப்பு மெல்ல நின்றது. தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். செதுக்கிய ஓரங்களில் செந்நிறமாகச் சின்னச் சின்னத் தீற்றல்கள். "இதாண்ணே செம்புத் தடம். நான் எவ்வளவு தொடச்சாலும் போகாது." அப்புறம் கையை நீட்டினார். "அந்த லென்ஸைக் குடுங்க."

கொடுத்தார். சகலை பழையதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்கண்ணே இருக்கு?"

லென்ஸ்காரர் துடைக்கும் துணியை எடுத்து, துடைத்து வைத்திருந்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"தப்பாப் பார்த்துட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப?"

"இல்லாததைச் சொன்னேன். பழசுன்னு அன்னைக்கே தெரியும்."

"ஏண்ணே?"

காரணம் என்று பெரிதாக ஏதாவது சொல்லத்தான் பார்த்தார். வந்தது இவ்வளவுதான்: "காலைல நான் அதே இடத்துல நடந்திருந்தேன்."

வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் சகலை உட்கார்ந்தார். அந்த ஆள் கத்தியிருந்தால் லென்ஸ்காரருக்குத் தேவலை போல இருந்திருக்கும். "இல்லாத ஒருத்தனைத் தேடி லூசு மாதிரி ஊர் ஊரா அலைஞ்சேன்," என்றார் சகலை. "நீங்களும் விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன்னீங்க." எழுந்தார். தன்னுடையதை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். "அதை நீங்களே கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. நீங்க சொன்னது, நீங்களே மாத்திச் சொல்லுங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் மாலைக்குள் தங்கை சொல்லிவிடுவாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "படிக்கட்டுல வச்சு அவரே அதை உங்க கையில குடுத்தாரே, அப்பக்கூடவா உங்களுக்கு வாய் வரல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றார். கையில் அந்த முனை. "அன்னைக்கு இதைப் புதுசுன்னு சொன்னேன். அது தப்பு. இது பழசு. வாய்க்கால் போட்ட அசல் முனை. சகலைதான் எடுத்தாரு." முனையை மேஜைமேல் வைத்தார். அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதற்குள் அறை அமளிப்பட்டுவிட்டது. லாரிக்காரர் சகலையைத் தூக்காத குறை. தலைமையாசிரியை லென்ஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! தப்பை ஒத்துக்கறதுக்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?" யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகச் சகலை அவரைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், லென்ஸ்காரரின் மானம் அந்த மாடியிலிருந்து தெருவுக்கு உருண்டிருக்கும். சகலை சொல்லவில்லை. தன் விரல் பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டு நின்றார். லென்ஸ்காரரும் அந்த அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கைதட்டல் அடங்கியதும் உட்கார்ந்துவிட்டார். இதுவரை அந்த ஆளின் அதிர்ஷ்டத்தைப் பார்த்து எரிந்தவர், கையைப் பார்த்து எரிந்தவர், அன்று அந்த மூடிய வாயைப் பார்த்தும் எரிந்தார். தன்னால் அப்படிச் சும்மா இருந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

முனையை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். மாமியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெருவெல்லாம் சொன்னார். குடும்பத்தில் சண்டை சச்சரவு எதுவும் வரவில்லை. மச்சினி மட்டும் கொஞ்ச காலம் 'அத்தான்' என்று கூப்பிடாமல் பேச்சை ஓட்டினாள். சகலை, பார்த்தால் தலையசைப்பார். கல் பொறுக்கத் தனியாகப் போனார். எடுத்ததை எவரிடமும் காட்டி என்னவென்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த உழவு முடிந்து பெய்த மழைக்கு மறுநாள், இரண்டு பேரும் ஒரே வயலில் எதிரெதிர் முனையில் இருந்தார்கள். தூரத்தில் சகலை குனிந்தார். எதையோ எடுத்தார். கால்சட்டையில் துடைத்தார். நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை.

லென்ஸ்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்தார். சேறு செருப்பை இழுத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் போனதும், "என்ன கிடைச்சுது?" என்றார்.

சகலை கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை விரித்தார். சாம்பல் நிறத்தில் இலை போல ஒரு முனை. ஒரு பக்கக் காது மட்டும் இல்லை.

லென்ஸ்காரர் உருப்பெருக்கியை எடுக்கவே இல்லை. "பழசு. ஈட்டி முனை. காது இப்ப உடையலை, அப்பவே உடைஞ்சது, உடைஞ்ச இடத்துலயும் மங்கல் ஏறியிருக்கு பாருங்க. என் அலமாரியில இவ்வளவு நல்லது ஒண்ணுகூட இல்லை." மூச்சு வாங்கியது. "எனக்குப் பொறாமையா இருக்கு, சகலை."

சகலை சிரிக்கவில்லை. முனையைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்ணே," என்றார். "இந்தப் பக்கம் இன்னும் பார்க்கலை. ஆளுக்கு ஒரு வரிசை நடப்போம்."